இரைப்பைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கல்யாணப் பந்தியில் எப்படி உட்காருவது?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41, திருச்சியில் வசிக்கிறேன். ஐந்து மாதங்களுக்கு முன்பு, இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் ஸ்லீவ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். அப்போது 108 கிலோவாக இருந்த எடை இப்போது 82 கிலோ. சர்க்கரைக்குச் சாப்பிட்டுவந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றை மருத்துவர் நிறுத்திவிட்டார். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை. உடம்பைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. விசேஷ வீடுகளுக்குப் போவதுதான் பெரும் பாடாக இருக்கிறது.

மூன்றாவது மாதம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். சர்க்கரைப் பொங்கல் இரண்டு வாய் சாப்பிட்டேன். பிறகு வடையில் ஒரு துண்டைச் சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்குழியில் கல்லை வைத்தாற்போல் அடைத்துக்கொண்டது. பழக்கத்தில் கை தண்ணீரைத் தேடியது. குடித்த அடுத்த நிமிடமே எழுந்து கை கழுவும் இடத்துக்கு ஓடி வாந்தி எடுக்க வேண்டியதாயிற்று. பின்னாலேயே வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அன்போடு முதுகைத் தடவிக் கொடுத்தார். ஆனால் அன்று மாலைக்குள், நான் உண்டாகியிருக்கிறேன் என்று ஒரு பேச்சும், எனக்குப் பெரிய வியாதி வந்திருக்கிறது என்று இன்னொரு பேச்சும் கிளம்பிவிட்டன. அதன்பின் ஒரு வளைகாப்பு, ஒரு காதுகுத்து, ஓர் அறுபதாம் கல்யாணம் ஆகிய மூன்றையும் ஏதேதோ காரணம் சொல்லித் தவிர்த்துவிட்டேன்.

இனி தவிர்க்க முடியாத ஒன்று வருகிறது. தை மாதம் கும்பகோணத்தில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். என் கணவர்தான் தாய்மாமன். சீர்வரிசைத் தட்டோடு முன்னால் போக வேண்டியவள் நான். நாத்தனாருக்கு என் அறுவைச் சிகிச்சையைப் பற்றித் தெரியாது. "வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்று நாலு பேர் பேசுவார்கள், யாரிடமும் மூச்சு விடாதே" என்று என் மாமியார் சொல்லிவிட்டார். எடை குறைந்ததைப் பார்ப்பவர்களோ, "என்னம்மா இப்படி இளைச்சுப் போயிட்டே" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நம்மிடையே இளைப்பது கவலைக்கும் நோய்க்கும் அடையாளம். அவர்களின் வருத்தம் உண்மையானது. அதனால்தான் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பந்தியில் எப்படி உட்காருவது, கேட்பவர்களிடம் என்ன சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்று அனுபவப்பட்டவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

கரிசல்மண்:

சகோதரி, எனக்குப் பைபாஸ் முறையில், அதாவது இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் முறையில், செய்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதலில் ஓர் எச்சரிக்கை. "பைபாஸ் ஆபரேஷன்" என்று ஒரே ஒருவரிடம் சொன்னேன். எங்கள் கோவில்பட்டிப் பக்கத்து உறவுக்காரர்கள் அத்தனை பேரும் எனக்கு இருதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்ததாக நினைத்துக்கொண்டு ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இது இரைப்பை பைபாஸ் என்று ஒவ்வொருவருக்கும் விளக்குவதற்குள் நான் மறைக்க நினைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

என் அனுபவத்தில் சொல்லாமல் இருப்பதே நல்லது. தெரிந்துவிட்டால் நீங்கள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு வாயையும் இலைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கவனிப்பார்கள். "இதைச் சாப்பிடலாமா, டாக்டர் சொன்னாரா" என்று அக்கறையோடுதான் கேட்பார்கள். ஆனால் சாப்பிடுகிற நேரம் முழுவதும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் மெல்லுவது எப்போது? மூன்றாம் ஆண்டில் எனக்கு 4 கிலோ கூடியது. இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு ஓரளவு எடை திரும்புவது பலருக்கும் நேர்வதுதான் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் "இவ்வளவு செலவு செய்தும் பழையபடி ஆகிறீர்களே" என்று ஒரு கல்யாண மண்டப வாசலில் வைத்துக் கேட்டார்கள். அன்று வீடு வந்து சேரும்வரை நான் யாரிடமும் பேசவில்லை.

நான் இப்போது சொல்வது ஒரே வாக்கியம்தான்: "வயிற்றில் ஒரு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும்." இதில் பொய் எதுவும் இல்லை. இதற்கு மேல் கேட்பவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள்.

இனிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வரவேற்பில் வற்புறுத்தலுக்கு இணங்கி ஒரு பாதுஷாவும் ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமும் சாப்பிட்டேன். இருபது நிமிடத்துக்குள் நெஞ்சு படபடத்து, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்து, வயிற்றைப் பிசைந்தது. ஒருவழியாகத் தணிந்தது என்று பேருந்தில் ஏறினால், இரண்டு மணி நேரம் கழித்துக் கை நடுங்கிக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து பாயசத்தை இலையிலேயே வாங்குவதில்லை.

முல்லைக்கொடி:

கரிசல்மண் ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் நான் எதிர்ப்பக்கத்தில் இருந்து பட்டவள் என்பதால் மாற்றுக் கருத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

என் தம்பி மனைவி இதே அறுவைச் சிகிச்சையைச் செய்துகொண்டு எங்களிடம் மறைத்துவிட்டாள். நாங்கள் வீடு கட்டிக் குடிபோன அன்று அவள் இலையில் உட்கார்ந்து, எதையும் தொட்டும் தொடாமலும் வைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் எழுந்து போனாள். இரவு தங்கவும் இல்லை. நம்மிடையே ஒரு வீட்டில் கை நனைக்காமல் போவதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். பகை இருந்தால்தான் கை நனைக்க மாட்டார்கள். நிலத்தகராறில் பேச்சு வார்த்தை நின்ற பங்காளி வீட்டில்கூடச் சாவுக்குப் போவார்கள், தண்ணீர் குடிக்காமல் திரும்பி வருவார்கள். அந்தப் பழக்கத்தில் ஊறிய எனக்கு, அவள் என் வீட்டுச் சோற்றை ஒதுக்கினாள் என்றுதான் பட்டது. ஓராண்டுக்கும் மேல் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மை தெரிந்த அன்று என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஓராண்டில் அவளுக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்ததும், சத்துக் குறைவால் தலைசுற்றி விழுந்ததும் எனக்குத் தெரியாமலே போயிற்று.

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விருந்து வைப்பவருக்கு, அதுவும் நாத்தனாருக்கு, சொல்லாமல் போகாதீர்கள் சகோதரி. மண்டபத்தில் வைத்துச் சொன்னால் அவர் காதில் ஏறாது. முன்கூட்டியே தொலைபேசியில், பத்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லுங்கள்.

நெல்லிக்கனி:

நான் உணவியல் நிபுணராக மதுரையில் பணிபுரிகிறேன். இந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் அன்றாட வேலை. பொதுவாகச் சொல்லக்கூடியதை மட்டும் எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 விழுக்காடு வரை நீக்கப்பட்டு, மிச்சம் ஒரு வாழைப்பழ வடிவக் குழாயாக நிற்கிறது. தொடக்கத்தில் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 100 முதல் 150 மி.லி. தான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் மேல்பகுதியும் நீக்கப்பட்டுவிடுகிறது. எனவே "எனக்குப் பசிக்கவில்லை" என்று நீங்கள் சொன்னால் அது சாக்குப்போக்கு அல்ல, உங்கள் உடம்பின் நிலையே அதுதான். கரிசல்மண் ஐயாவுக்கு நேர்ந்ததை டம்பிங் என்கிறோம். இனிப்பு வேகமாகச் சிறுகுடலில் இறங்கும்போது பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் வரும் படபடப்பு ஒரு வகை. அந்தச் சர்க்கரைக்கு உடல் மிகையாக இன்சுலின் சுரந்து, ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்குவது இன்னொரு வகை. பைபாஸ் செய்தவர்களுக்கு இது அதிகம். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம். காவிரிக்கரை சகோதரி இன்னும் சர்க்கரை மாத்திரை ஒன்றைச் சாப்பிடுவதால், கல்யாணத்துக்கு முன்பே அதன் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழக்கத்தை விடக் குறைவாகச் சாப்பிடும் நாளில் சிலவகை மாத்திரைகள் சர்க்கரையை வெகுவாக இறக்கிவிடும்.

கிரகப்பிரவேசத்தில் நேர்ந்தது டம்பிங் அல்ல, அடைப்பு. வடை உலர்ந்த பண்டம். மெல்லாமல் இறங்கினால் குறுகிய குழாயில் நின்றுவிடும், மேலே ஊற்றிய தண்ணீருக்குப் போக வழி இருக்காது. அதனால்தான் சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம் என்றும், சாப்பிட்ட பின் அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும் என்றும் சொல்கிறோம். பூரி, பரோட்டா போன்ற மாவுப் பண்டங்களும், கட்டியாகப் பிசைந்த சோறும் இதே தொல்லையைத் தரும். விக்கல், திடீரென்று மூக்கில் நீர் வடிதல், நெஞ்சுக்குழியில் அழுத்தம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் ஒரு வாய்கூட வேண்டாம்.

பந்தியில் எதைச் சாப்பிடுவது என்றால், ஒரு நாளைக்குத் தேவையான 60 முதல் 80 கிராம் புரதத்தைக் கல்யாணச் சாப்பாட்டில் தேடாதீர்கள். நீங்கள் சாப்பிடும் அளவில் அங்கே அது கிடைக்காது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், 200 மி.லி. பாலில் 6 முதல் 7 கிராம் புரதம் இருக்கிறது. புறப்படும் முன்பே அறையில் முட்டையோ புரதப் பொடி கலந்த பாலோ எடுத்துக்கொள்ளுங்கள். பந்தியில் முதலில் கூட்டு, பருப்பு உசிலி, குழைந்த பருப்பு, தயிர். இவற்றுக்குப் பிறகு இடம் இருந்தால் இரண்டு கரண்டிச் சோறு. பலருக்குத் தெரியாத ஓர் அபாயம் அப்பளமும் சிப்ஸும். உலர்ந்த பண்டம் என்றாலும் அவை வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறு நிறைந்ததாகவே தோன்றாது. தொல்லை தருகிற வடையைவிடத் தொல்லை தராத அப்பளம்தான் சில ஆண்டுகள் கழித்து எடையைத் திரும்பக் கொண்டுவரும்.

கடைசியாக, எல்லோரும் படிக்க வேண்டிய ஒன்று. விசேஷத்துக்குப் போய் ஒரு முறை வாந்தி எடுப்பது வேறு. நாள்தோறும் வாந்தி தொடர்ந்தால் வீட்டிலேயே பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைந்து நரம்புகளையும் மூளையையும் பாதிக்கும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இலைவிருந்து:

வணக்கம் அம்மா. நான் தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன். எனக்கு அறுவைச் சிகிச்சை எதுவும் நடக்கவில்லை. என் அக்காள் மகனுக்காக இங்கே படிக்க வந்தவன். பந்தி எப்படி நடக்கிறது என்று சொன்னால் உங்களுக்குப் பயன்படலாம்.

இப்போதெல்லாம் ஆள் உட்காரும் முன்பே இலையில் முக்கால்வாசிப் பதார்த்தங்களை வைத்துவிடுகிறோம். நீங்கள் வந்து உட்காரும்போதே இலை நிறைந்திருக்கும். அப்புறம் எதை ஒதுக்கினாலும் வீணாக்கியதாகத் தெரியும். ஆகையால் முதல் நாளே பந்தி மேற்பார்வையாளரிடம், "இந்த இடத்தில் வெறும் இலை போடுங்கள், கேட்டதை மட்டும் வையுங்கள்" என்று சொல்லிவிட்டால் போதும். யாருக்கு என்ன நோய் என்று எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள். சர்க்கரைக்காரர்களும் உப்புக் கூடாதவர்களும் எல்லாக் கல்யாணத்திலும் வருகிறார்கள்.

அடுத்தது நேரம். ஒரு பந்தி 20, 25 நிமிடத்தில் எழுந்துவிடும். முகூர்த்தம் முடிந்து நடக்கும் முதல் இரண்டு பந்திகளில் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நின்றுகொண்டிருப்பார். ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது முறை மெல்ல வேண்டிய ஒருவர் அங்கே நிம்மதியாகச் சாப்பிட முடியாது. கடைசிப் பந்தியில் வரிசையின் ஓரத்து இலையில் உட்காருங்கள். அங்கே உங்களை யாரும் எழுப்ப மாட்டார்கள். வேண்டாம் என்று வாயால் சொன்னால் பரிமாறுகிற பிள்ளை உபசாரத்துக்குச் சொல்வதாக நினைத்துக் கொஞ்சமாவது வைத்துவிடுவான். உள்ளங்கையை இலைக்கு மேல் குறுக்கே நீட்டிவிட்டால் வைக்க மாட்டான்.

இன்னொன்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் பெண்ணுக்குத் தாய்மாமன் வீட்டார். பந்தி விசாரிப்பது உங்கள் உரிமை. இலைக்கு இலை போய், "சாம்பார் வந்ததா, பாயசம் போதுமா, மோர் கேளுங்கள்" என்று விசாரிக்கிறவர்கள் விருந்தாளிகள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியில்தான் உட்காருவார்கள் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். அவர்களை முதல் பந்தியில் உட்காரச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். "இவர்கள் விழுந்து விழுந்து கவனித்தார்கள்" என்ற நல்ல பெயர்தான் கிடைக்கும்.

கரிசல்மண்:

இலைவிருந்து அண்ணன் சொன்னது மிகவும் நல்ல யோசனை. முல்லைக்கொடி அம்மாவின் பதிவையும் இரண்டு முறை படித்தேன். கை நனைப்பதைப் பற்றி அவர் எழுதியதை நான் யோசிக்கவே இல்லை. என் சின்னம்மா வீட்டில் இரண்டு விசேஷங்களுக்கு இப்படித்தான் ஒதுங்கி இருந்தேன். அவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ என்று இப்போது மனம் உறுத்துகிறது. இருந்தாலும், நம்பிச் சொன்ன ஒருவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டால் அதைத் திரும்ப அள்ள முடியாது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

நெய்தல்நிலா:

காயல்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். ஸ்லீவ் செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் சஹன் என்ற பெரிய தட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து உண்பது வழக்கம். நெய்ச்சோறும் களறிக் கறியும் நடுவில் இருக்கும். முதல் ஆண்டு அதை நினைத்தே பயந்தேன். ஆனால் ஒரே தட்டில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. என் லாத்தாவை (அக்காவை) மட்டும் கூடச் சேர்த்துக்கொண்டு, நன்றாக வெந்த கறியைப் பிய்த்து மெதுவாக மென்றுகொண்டிருப்பேன். பேச்சும் சாப்பாடுமாக அந்த நேரம் போய்விடும். தனி இலையில் உட்காருவதைவிட எனக்கு இதுவே எளிதாக இருக்கிறது.

நோன்பு மாதம்தான் கடினமாக இருந்தது. முதல் ஆண்டு நோன்பு வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மடக்கு மடக்காகக் குடிக்க முடியாத வயிற்றில் ஒரு நாள் முழுவதற்குமான தண்ணீரை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் நிரப்ப இயலாது என்று அவர் விளக்கினார். நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு, விட்டதைப் பிறகு களாச் செய்துகொள்ளலாம் என்று தெரிந்திருந்தும், எல்லோரும் நோன்போடு இருக்க நான் மட்டும் அடுப்படியில் நின்று தண்ணீர் குடித்தபோது அழுகை வந்தது. இஃப்தார் நேரத்தில் மட்டும் தவறாமல் அவர்களோடு உட்கார்ந்தேன். குழைய வெந்த நோன்புக் கஞ்சி நாலு கரண்டி எனக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

பனங்கூடல்:

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். எனக்கும் பைபாஸ்தான். இங்கே சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா), பிறந்தநாள் என்று மாதத்தில் இரண்டு மண்டப நிகழ்வுகளாவது வரும். ரோல்ஸ், கட்லட், பற்றீஸ் ஆகியவற்றை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு நின்றபடியே கதைத்துக்கொண்டிருக்கலாம் என்பதால் சாப்பாடு எனக்குப் பெரிய சிக்கலாக இருக்கவில்லை. நான் எழுத வந்தது குடியைப் பற்றி. இங்கே யாரும் அதைத் தொடவில்லை.

சிகிச்சை நடந்து பதினான்காவது மாதம் ஒரு விழாவில் நண்பர்கள் வற்புறுத்தி ஒரு கிளாஸ் விஸ்கி தந்தார்கள். முன்பு அது எனக்கு ஒன்றுமே இல்லை. அன்று பத்து நிமிடத்தில் கால் தடுமாறியது. மனைவிதான் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பைபாஸுக்குப் பிறகு மதுசாரம் வெகு விரைவாக ரத்தத்தில் கலந்து முன்னைவிட உயர்ந்த அளவை எட்டிவிடுகிறது என்று பின்னர் மருத்துவர் விளக்கினார். இரண்டாம் ஆண்டிலிருந்து குடிக்கு அடிமையாகும் வாய்ப்பும் கூடுகிறது என்றார். சாப்பாட்டில் கிடைத்துவந்த ஆறுதல் இல்லாமல் போன இடத்துக்கு அது மெல்ல வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு வந்தது. இரண்டாவது கிளாஸ் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் நானே அதை உணர்ந்து, மனநல ஆலோசகரிடம் போனேன். இப்போது பதினொரு மாதங்களாகத் தொடவில்லை. சோடா வகைகளும் வயிற்றை ஊதச் செய்வதால் இஞ்சி போட்ட தேநீரை ஒரு கோப்பையில் கையில் வைத்துக்கொண்டிருப்பேன். கையில் கோப்பை இருந்தால் மற்றொன்றை நீட்டுபவர் குறைவு.

காவிரிக்கரை:

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும். பந்தி விசாரிப்பு என்ற யோசனையைப் படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. இருபது ஆண்டுகளாக அந்தக் குடும்பத்தின் எல்லா விசேஷங்களிலும் நான் செய்துவந்த வேலை அது. என் சாப்பாட்டைப் பற்றிய பயத்தில் நான் பரிமாறத் தெரிந்தவள் என்பதையே மறந்துவிட்டேன். நாத்தனாரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. மாமியாரின் சொல்லை மீறுவதாக ஆகிவிடுமோ என்ற தயக்கம் இருக்கிறது.

நெல்லிக்கனி:

ஒரு சிறு எச்சரிக்கை. பந்தி விசாரிப்பது என்றால் இரண்டு மணி நேரம் நிற்பதும் நடப்பதும்தான். நீங்கள் இப்போது சாப்பிடும் அளவுக்கு அது அதிகம். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு வாய்த் தண்ணீர் குடியுங்கள். தலை லேசாகச் சுற்றினாலும் உட்கார்ந்துவிடுங்கள். கும்பகோணத்துக் காபியை முழுவதும் விட வேண்டாம், சர்க்கரை இல்லாமல் அரை டம்ளர் போதும். ஆனால் இரும்புச் சத்து மாத்திரை போடும் நேரத்தை ஒட்டிக் காபி வேண்டாம். மாத்திரைப் பெட்டியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கல்யாணம் என்று வைட்டமின்களை நாலு நாள் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

முல்லைக்கொடி:

மாமியார் சொன்னது ஊர் வாய்க்குப் பயந்து. நாத்தனார் ஊர் அல்ல, அவர் மகள். இதை உங்கள் கணவரே தன் தாயிடம் சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

காவிரிக்கரை: (கல்யாணம் முடிந்த பிறகு)

ஊருக்குத் திரும்பி மூன்று நாள்கள் ஆகின்றன. நடந்ததை உங்களுக்கெல்லாம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள்கள் முன்பு நாத்தனாரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் யார் இருந்தார்கள்?" என்று மட்டும் கேட்டார். என் தங்கை இருந்தாள் என்றேன். "நான் இருந்திருக்க மாட்டேனா அண்ணி?" என்றார். நான் அவரிடமிருந்து மறைத்தது சாப்பாட்டு விஷயத்தை மட்டும் அல்ல என்று அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்டேன்.

நிச்சயதார்த்த மாலையில் ஒரு சறுக்கல். என் கணவரின் சித்தப்பா, எல்லோர் முன்னிலையிலும் மைசூர்பாகில் ஒரு விள்ளலைத் தம் கையாலேயே என் வாயில் ஊட்டிவிட்டார். எண்பது வயதுப் பெரியவரின் கையைத் தட்டிவிட மனம் வரவில்லை. சிறிய துண்டு என்பதால் ஒன்றும் நேரவில்லை. ஆனால் அடுத்த இரண்டு மணி நேரம் உடம்பில் ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்படி யாராவது ஊட்ட வந்தால் என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

முகூர்த்தத்தன்று காலையிலேயே அறையில் ஒரு முட்டையும் புரதப் பாலும் எடுத்துக்கொண்டேன். இரண்டு பந்திகள் நின்று விசாரித்தேன். இரண்டாவது பந்தியின் பாதியில் கால் தளர்ந்ததும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொண்டேன். கடைசிப் பந்தியில் ஓரத்தில் எனக்கு வெறும் இலை போட்டு வைத்திருந்தார்கள். கால் கிண்ணம் கூட்டு, இரண்டு கரண்டி பருப்பு உசிலி, இரண்டு வாய்த் தயிர்ச் சோறு. அதற்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. நாத்தனாரும் அதுவரை சாப்பிடாமல் இருந்து என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். எதிர் வரிசையிலிருந்து ஓர் அம்மாள், "இலையில் ஒன்றுமே இல்லையே, இப்படி இளைச்சதுக்கு இதுதான் காரணமா?" என்று உரக்கக் கேட்டார். கரிசல்மண் ஐயா சொல்லிக்கொடுத்த வாக்கியத்தையே சொன்னேன். "அப்படியா, பார்த்துச் சாப்பிடும்மா" என்றார், அவ்வளவுதான்.

மாமியாருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தம் மகளுக்கே தெரியக் கூடாது என்று தாம் நினைத்ததைத் தம் மகனே சொல்ல வைத்தான் என்ற வருத்தம் அவருக்கு. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். என்னைப் பற்றி நாலு பேர் பேசுவதைத் தாங்க முடியாமல்தான் அவர் மறைக்கச் சொன்னார்.

அடுத்து மாசியில் எங்கள் குலதெய்வம் கோயிலில் கடா வெட்டு இருக்கிறது. ஆட்டுக்கறியை ஆறு மாதத்துக்குப் பிறகு சாப்பிடலாம் என்று என் மருத்துவர் சொல்லியிருக்கிறார். நெல்லிக்கனி அவர்களே, எப்படித் தொடங்குவது?

நெல்லிக்கனி:

பெரிய துண்டுக் கறி வேண்டாம். நார் நாராக இருப்பது அடைத்துக்கொள்ளும். குழைய வேகவைத்த கொத்துக்கறி ஒரு மேசைக்கரண்டியில் தொடங்குங்கள். முதல் முறை வீட்டிலேயே சாப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போங்கள். அங்கே போய்ச் சோதித்துப் பார்க்காதீர்கள். எலும்பு சூப்பைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் அரை மணி நேரம் இடைவெளி விட்டுக் குடியுங்கள்.

இலைவிருந்து:

கடா வெட்டில் சமைப்பவரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள் அம்மா. காரம் சேர்க்கும் முன்பு தொடைக்கறியில் ஒரு கை எடுத்துக் கொத்தித் தனிச்சட்டியில் வேகவைத்துத் தருவார்கள். அங்கே பந்தி இன்னும் வேகமாக நடக்கும். உங்கள் பங்கை வாங்கிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவதில் யாரும் தப்பு நினைக்க மாட்டார்கள்.